கூரம்: ஊரில் நிற்கும் கல்லும் ஊரை விட்டுப் போன கதைகளும்

காஞ்சிபுரம்னு சொன்னதும் பட்டு, கோயில், இட்லி என்று ஒரு பட்டியல் தானா வந்துடும். ஊருக்கு வடக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கூரம் அந்தப் பட்டியலில் வராது. வயலும் ஏரியும் சில தெருக்களும் உள்ள ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு பழைய சிவன் கோயில், ஒரு பெருமாள் கோயில். சிவன் கோயிலில் உயர்ந்த கோபுரம் எதுவும் கிடையாது. பல்லவர் காலத்து விமானத்தின் மேல்பகுதி எப்பவோ போயிடுச்சு. கைலாசநாதர் கோயிலைப் பார்த்துட்டு நேரா இங்கே வர்றவங்களுக்கு ஐந்து நிமிஷத்துக்கு மேல் பார்க்க ஒண்ணும் இல்லைன்னுதான் தோணும்.

ஆனா தமிழ்நாட்டில் கல்லால் கோயில் *கட்ட* ஆரம்பித்த கதையைச் சொல்லணும்னா இந்த ஊரைத் தாண்டிப் போக முடியாது. பல்லவர், சாளுக்கியர் சண்டையைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் ஒரு முக்கியமான பகுதி இந்த ஊர் ஆவணத்தில் இருந்துதான் வந்தது. நாம தினமும் சொல்ற ஒரு பழமொழியைக்கூட மரபு இந்த ஊர்க்காரர் ஒருவரோடதான் சேர்த்துச் சொல்லுது. அப்புறம் ஏன் அங்கே போனா ஒண்ணும் தெரியல? கூரத்தின் வரலாற்றில் பாதிக்கு மேல் கூரத்தில் இல்லை, அதுதான் காரணம். கல் ஊரிலேயே நின்னுடுச்சு. மத்ததெல்லாம் வெளியே போயிடுச்சு. அதையெல்லாம் மறுபடி ஒரே இடத்தில் வைத்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

ஒரு ஒப்பீடு

இங்கிலாந்தில் நூறு வீடு உள்ள கிராமத்துக்குக்கூட எழுதப்பட்ட வரலாறு இருக்கும். 1086ல் முதலாம் வில்லியம் நிலம், ஏர், ஆலை எல்லாவற்றையும் கணக்கெடுத்துத் தொகுத்த டூம்ஸ்டே புத்தகத்தில் பதிமூன்றாயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களின் பெயர் இருக்கு. 1899ல் தொடங்கின விக்டோரியா கவுண்ட்டி ஹிஸ்டரி என்ற திட்டம் ஊர் ஊராக வரலாறு எழுதிக்கிட்டு வருது. நிக்கோலஸ் பெவ்ஸ்னர் 1951 முதல் 1974 வரை 46 தொகுதிகளில் அந்த நாட்டுக் கட்டடங்களைப் பதிவு செய்தார். அதனால அங்கே ஒரு சின்னத் தேவாலயத்துக்குள்ள போனா, எந்தச் சுவர் எந்த நூற்றாண்டு என்று சொல்ல ஒரு புத்தகம் கையில் இருக்கும்.

நம்ம ஊரில் ஆவணமே இல்லைன்னு இதுக்கு அர்த்தம் இல்லை. கூரத்தின் செப்பேடு 7ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியைச் சேர்ந்தது. அதாவது டூம்ஸ்டேக்கு ஏறக்குறைய நானூறு வருஷம் முந்தையது. நம்மிடம் குறைவாக இருப்பது ஆவணத்தையும் கட்டடத்தையும் சேர்த்துப் படிக்கிற பழக்கம்தான்.

முதலில் கல்

கோயிலுக்குச் செப்பேடு கொடுக்கிற பெயர் வித்யாவிநீத பல்லவ பரமேஸ்வர கிருஹம். வித்யாவிநீதன் என்றால் கல்வியால் பணிவு பெற்றவன். பரமேஸ்வரன் என்பது சிவனுக்கும் பெயர், அப்போது ஆண்ட பல்லவ அரசனுக்கும் பெயர். முதலாம் பரமேஸ்வரவர்மன் ஏறத்தாழ 670 முதல் 700 வரை ஆண்டவன். மாமல்லன் என்று நாம் அறிந்த முதலாம் நரசிம்மவர்மனின் பேரன், காஞ்சி கைலாசநாதர் கோயிலைக் கட்டின ராஜசிம்மனின் அப்பா. தாத்தாவுக்கும் மகனுக்கும் நடுவில் மாட்டிக்கிட்டதால பாடப்புத்தகத்தில் இவனுக்கு ஒரு வரி கிடைச்சாலே அதிகம்.

கட்டடக்கலையிலும் இந்தக் கோயில் அப்படி ஒரு நடுப்படிதான். வரிசையாகப் பார்க்கலாம். மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் பாறையைக் குடைந்து ஒரு கோயில் செய்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் செய்ததாக அங்கேயே கல்வெட்டில் பெருமையாகச் சொல்லியிருக்கான். அதுவரை கோயில்கள் அந்தப் பொருட்களால்தான் கட்டப்பட்டன என்பது அந்தப் பெருமையிலிருந்தே தெரியுது. அடுத்து மாமல்லபுரத்தில் பாறையை வெளியிலிருந்து செதுக்கி ரதங்கள் செய்தாங்க. குடைவரை, ரதம் ரெண்டுமே அடிப்படையில் சிற்ப வேலை. இருக்கிற பாறையிலிருந்து வேண்டாததை எடுத்துவிடுவது.

கல்லைத் தனித்தனியாக வெட்டி எடுத்து, கொண்டுவந்து, ஒன்றோடு ஒன்று சேர்த்துக் கட்டுவது முற்றிலும் வேற வேலை. பாரம் எங்கே இறங்கும், மூலை எப்படிப் பிடிக்கும், கூரையை எது தாங்கும் என்று புதிதாக யோசிக்கணும். பல்லவ நாட்டில் இந்த முயற்சிக்கு நமக்குத் தெரிந்த மிகப் பழைய சான்றுகளில் ஒன்று கூரம். பெரிய கருங்கல் பலகைகளை நிறுத்தி வைத்துச் சுவர் எழுப்பிய முறை இங்கே தெரியும். பின்னால் வந்த கோயில்களில் இருப்பதுபோல அளவாக வெட்டிய கல்லை வரி வரியாக அடுக்குகிற பக்குவம் இன்னும் வரலை. கருங்கல் வேற, செதுக்க லேசில் இடம் கொடுக்காத கல். அடுத்த தலைமுறையில் ராஜசிம்மன் கைலாசநாதர் கோயிலைக் கட்டும்போது அடித்தளத்துக்குக் கருங்கல்லை வைத்துக்கொண்டு, மேலே செதுக்கச் சுலபமான மணற்கல்லுக்கு மாறிட்டான். அந்த வித்தியாசத்தை மனசில் வைத்துக்கொண்டு கூரத்துச் சுவரைப் பார்த்தால் அது ஒரு சோதனை முயற்சியாகத் தெரியும்.

கருவறையின் வடிவமும் கவனிக்க வேண்டியது. பின்பக்கம் சதுரமாக முடியாமல் வளைந்து போகும். யானை படுத்திருக்கும்போது பின்பக்கம் எப்படித் தெரியுமோ அப்படி. இதைத்தான் தமிழில் தூங்கானை மாடம் என்றும், சிற்ப நூல்களில் கஜபிருஷ்டம் என்றும் சொல்வாங்க. மாமல்லபுரத்தில் சகாதேவ ரதம் இதே வடிவம், பக்கத்திலேயே ஒரு கல் யானையையும் நிறுத்தி வைத்திருப்பாங்க. செங்கல்லிலும் மரத்திலும் பழகின வளைவைக் கருங்கல் பலகையில் கொண்டுவரப் பார்த்திருக்காங்க என்பதுதான் கூரத்தின் சிறப்பு. நேர்ச்சுவரே கஷ்டமான காலத்தில் வளைந்த சுவர்!

அடுத்தது செப்பு

கோயிலைப் பார்த்து மட்டும் இதையெல்லாம் சொல்லிவிட முடியாது. கட்டினது யார், எப்போ, எதுக்கு என்று தெரிவது செப்பேட்டால்தான். 1880களில் இந்த ஏடுகள் கூரத்தின் தர்மகர்த்தாவிடம் இருந்தன. சென்னை மாகாணத்தின் கல்வெட்டு ஆய்வாளராக இருந்த ஜெர்மானியர் ஹூல்ட்ஷ், தாசில்தார் மூலமாக அவற்றை இரவல் வாங்கிப் படித்தார். தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் முதல் தொகுதியில் 1890ல் வெளியிட்டார். மொத்தம் ஏழு மெல்லிய ஏடுகள், ஒரு வளையத்தில் கோத்தது. முத்திரையில் உட்கார்ந்த காளை, அதுக்கு மேலே பிறையும் லிங்கமும். அப்பவே ஏடுகள் ரொம்ப மோசமான நிலையில் இருந்தன. ஒரு ஏட்டில் பாதியளவு கிடைக்கவே இல்லை. இன்னும் கொஞ்ச வருஷம் தள்ளிப் போயிருந்தால் என்ன மிஞ்சியிருக்கும் என்று நினைச்சுப் பார்க்கவே முடியல.

முன்பகுதி சமஸ்கிருதம், கிரந்த எழுத்தில். பின்பகுதி தமிழ். பொதுவாகவே பல்லவர் செப்பேடுகளில் இந்த வேலைப் பிரிவு உண்டு. அரசனின் புகழ் சமஸ்கிருதத்தில் வரும். நிலம், எல்லை, வாய்க்கால் எல்லாம் தமிழில் வரும். புகழைப் புலவர் படிச்சாப் போதும், எல்லையை ஊர்க்காரங்க படிக்கணும் இல்லையா?

தானம் என்னவென்றால், பரமேஸ்வரமங்கலம் என்ற கிராமத்தின் வருமானம். அதை 25 பங்காகப் பிரிச்சிருக்காங்க.

மூன்று பங்கு அனந்தசிவாசாரியார், புல்லசர்மன் என்ற இருவருக்கு. பூசை செய்யணும், கோயிலின் பழுதையும் பார்த்துக்கணும்.

ஒரு பங்கு கூரத்து மண்டபத்தில் தண்ணீரும் தீயும் இருக்கும்படி பார்த்துக்கொள்வதற்கு.

ஒரு பங்கு அந்த மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கு.

மீதி 20 பங்கு வேதம் படித்த இருபது அந்தணர்களுக்கு.

ஒரு சின்ன ஊர்க் கோயிலுக்கான வரவு செலவுத் திட்டம் இது. 1300 வருஷத்துக்கு அப்புறமும் கணக்கு சரியாக 25க்கு வந்து நிக்குது. எனக்கு இதில் ரெண்டு விஷயம் பெரிசாப் படுது.

முதலாவது, பராமரிப்பு. கட்டி முடிச்ச கையோடு பழுது பார்க்கும் செலவுக்கும் வழி செய்திருக்காங்க. பிற்காலக் கல்வெட்டுகளில் இதுக்கென்றே புதுக்குப்புறம் என்று ஒரு சொல் வரும். கல் நிரந்தரம் என்று நாம நினைக்கிறோம். கல்லில் கட்டின முதல் தலைமுறைக்கு அந்த மயக்கம் இருக்கல. செடி முளைக்கும், தண்ணி இறங்கும், யாராவது பார்த்துக்கிட்டே இருக்கணும் என்று தெரிந்துதான் பங்கு ஒதுக்கினாங்க. அந்தப் பங்கு வந்துக்கிட்டு இருந்தவரைக்கும் கட்டடத்துக்கு ஒரு ஆள் இருந்தார்.

இரண்டாவது, பாரதம். தமிழில் பெருந்தேவனார் பாரத வெண்பா பாடியது மூன்றாம் நந்திவர்மன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில். வில்லிபுத்தூராரின் பாரதம் அதுக்கும் பல நூற்றாண்டு பின்னால். அவற்றுக்கெல்லாம் முன்பே, ஒரு கிராமத்து மண்டபத்தில் மகாபாரதம் வாசிக்கச் சம்பளம் ஒதுக்கியிருக்காங்க. இன்னிக்கும் காஞ்சிபுரம் சுத்துப்பட்டு ஊர்களில் அக்னி வசந்த விழா என்றால் பகலில் பாரதச் சொற்பொழிவு, ராத்திரியில் தெருக்கூத்து, கடைசியில் மண்ணால் செய்த துரியோதனன் படுகளம். அந்தச் சம்பளத்துக்கும் இந்தக் கூத்துக்கும் நேர்க்கோடு போட நான் வரல. ஆனா ஊர் கூடி பாரதம் கேட்பது இந்த மண்ணில் எவ்வளவு பழைய விஷயம் என்பதுக்குக் கூரம் ஒரு உறுதியான சாட்சி.

தமிழ்ப் பகுதியில் பரமேஸ்வர தடாகம் என்ற ஏரியும், பாலாற்றிலிருந்து வெட்டின பெரும்பிடுகு என்ற கால்வாயும் வருது. கூரம் அப்போது ஊற்றுக்காட்டுக் கோட்டத்து நீர்வேளூர் நாட்டைச் சேர்ந்த ஊர். இந்த ஊற்றுக்காடு வாலாஜாபாத் பக்கம் ஊத்துக்காடு என்ற பெயரில் இன்னும் இருக்கு. தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களில் ஒன்றுக்குத் தலைமையாக இருந்த ஊர், இப்போ நாம பஸ்ஸில் கவனிக்காமல் தாண்டிப் போற ஊர்.

செப்பேட்டில் ஒரு போர்

சமஸ்கிருதப் பகுதிதான் கூரத்தைப் பெரிய வரலாற்றோட இணைக்குது. "சிவகாமியின் சபதம்" படிச்சவங்களுக்கு மாமல்லன் வாதாபி மேல் படையெடுத்த கதை தெரியும். அந்த வெற்றிக்கு அடிப்படையான சான்றுகளில் ஒன்று கூரம் செப்பேடு. பரியலம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய இடங்களில் நரசிம்மவர்மன் புலிகேசியை ஓடவிட்டதாகவும், ஓடினவனின் முதுகையே ஏடாக்கி வெற்றி என்ற சொல்லை அதில் எழுதினதாகவும் கவிஞர் வர்ணிக்கிறார். வாதாபி என்ற அசுரனை அழித்த அகத்தியரோடு வாதாபி நகரத்தை அழித்த அரசனை ஒப்பிடுகிறார். சிலேடை நல்லாத்தான் இருக்கு.

பிறகு பரமேஸ்வரவர்மன். அவனுடைய யானையின் பெயர் அரிவாரணம், குதிரையின் பெயர் அதிசயம். புலிகேசியின் மகன் விக்கிரமாதித்தன் பல லட்சம் படையோடு வந்து, கடைசியில் ஒரு கந்தலை மட்டும் சுத்திக்கிட்டு ஓடினான் என்று செப்பேடு சொல்லுது. அந்தப் போர் நடந்த பெருவளநல்லூர் திருச்சி மாவட்டத்தில் லால்குடி பக்கம்.

இதை அப்படியே நம்பிடலாமா? எதிர்த்தரப்பிடமும் செப்பேடு இருக்கு. இன்றைய தெலங்கானாவில் உள்ள கத்வாலில் கிடைத்த விக்கிரமாதித்தனின் ஏடுகள் 674ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. அதன்படி பல்லவன் தோற்றான், காஞ்சி பிடிபட்டது, சாளுக்கியப் படை காவிரிக் கரையில் உரகபுரம்வரை வந்து பாசறை போட்டது. ரெண்டையும் சேர்த்துப் படிச்சாத்தான் விஷயம் தெளியும். காஞ்சி முதலில் கைவிட்டுப் போயிருக்கு, அதன் பிறகு பரமேஸ்வரவர்மன் எதிரியைக் காவிரிப் பக்கம் தோற்கடித்து மீண்டும் எழுந்திருக்கிறான் என்றுதான் பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் இதைப் பொருத்திப் பார்க்கிறாங்க.

அப்படியானால் கூரத்துக் கோயில், தலைநகரை இழந்து மீட்ட அரசன் காலத்துக் கோயில். இதை மனசில் வைத்துக்கொண்டு, ஏரி, கால்வாய், பாரத வாசிப்பு, தண்ணீர், தீ என்ற அந்த 25 பங்கை மறுபடி படிச்சா வேற மாதிரி இருக்கு. போர் நடந்த நாட்டில் வாழ்க்கை திரும்பவும் ஒழுங்குக்கு வந்ததன் அடையாளம் அது.

வெண்கலம்

கூரத்தைச் சேர்ந்த மூன்றாவது பொருளைப் பார்க்க எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போகணும். கூரம் நடராசர் என்றே அதுக்குப் பெயர். பல்லவர் காலத்து வெண்கலம் என்று கருதப்படுவது, நமக்குக் கிடைத்த மிகப் பழைய நடராசர் வெண்கலங்களில் ஒன்று.

சோழர் காலத்து நடராசரில் தூக்கிய இடது கால் உடம்புக்குக் குறுக்கே வலப்பக்கம் போகும். கூரத்து நடராசரில் கால் அப்படிக் குறுக்கே போகாது. முட்டியை மடித்து மேலே தூக்கின நிலை, ஊர்த்துவஜாநு என்பாங்க. உலகமே இன்னிக்கு அடையாளம் காணுகிற அந்தச் சோழ நடராச வடிவம் முடிவாகிறதுக்கு முன்னாடி, கலைஞர்கள் வேற நிலைகளையும் முயன்று பார்த்தாங்க என்பதுக்கு இது ஆதாரம். கட்டடத்தில் கூரம் எப்படி ஒரு நடுப்படியோ, வெண்கலத்திலும் அப்படித்தான்.

கடைசியாக ஒரு மனிதர்

பல்லவருக்கு முன்னூறு வருஷத்துக்கு மேல் கழித்து கூரத்தின் பெயர் இன்னொரு வழியாகத் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. ராமானுஜரின் முதன்மைச் சீடர் கூரத்தாழ்வான் இந்த ஊர்க்காரர். மரபுப்படி அவர் பிறந்தது 1010, தை மாசம் அஸ்த நட்சத்திரம்.

வைணவ மரபு சொல்கிற கதை இது. ஆழ்வான் பெரும் செல்வர். தினமும் ராத்திரி அன்னதானம் முடிஞ்சு அவர் வீட்டுக் கதவைச் சாத்துகிற சத்தம் காஞ்சி வரதர் கோயில்வரை கேட்குமாம். என்ன சத்தம் என்று பெருந்தேவித் தாயார் விசாரித்ததாகத் தெரியவந்ததும், நம்ம செல்வம் இவ்வளவு சத்தம் போடுதா என்று வெட்கப்பட்டு எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு மனைவி ஆண்டாளோடு ஸ்ரீரங்கத்துக்குக் கிளம்பிட்டார். காட்டு வழியில் ஆண்டாள் பயப்பட, மடியில் ஏதாவது வச்சிருக்கியா என்று கேட்டார். அவர் சாப்பிடுவதற்கென்று ஒரு பொன் வட்டிலை மட்டும் எடுத்து வந்திருந்தாங்க அந்த அம்மா. அதை வாங்கித் தூக்கி எறிந்துவிட்டு, இனி பயமில்லை, நட என்றார். மடியில கனம் இருந்தாத்தான் வழியில பயம் என்ற பழமொழிக்கு மரபு காட்டுகிற இடம் இதுதான்.

பின்னால் ராமானுஜருக்குப் பதிலாகத் தானே சோழன் சபைக்குப் போய்க் கண்ணை இழந்தார் என்று குருபரம்பரை நூல்கள் சொல்லும். அந்தச் சோழன் யார் என்பதில் ஆய்வாளர்களிடம் ஒருமித்த கருத்து இல்லை. கண் வேண்டும் என்று காஞ்சி வரதனிடம் கேட்கும்படி ராமானுஜர் சொன்னபோது ஆழ்வான் வரதராஜ ஸ்தவம் பாடினார். கடைசியில் அவர் கேட்டது கண் இல்லை. தன்னைக் காட்டிக்கொடுத்த நாலூரானுக்கும் தனக்குக் கிடைக்கிற அதே கதி கிடைக்கணும் என்று கேட்டாராம்.

கூரம் ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் ஆழ்வானுக்குச் சன்னதி இருக்கு. தை அஸ்தத்தில் விழா. அங்கே வர்றவங்களில் எத்தனை பேர் அதே ஊரில் இருக்கிற பல்லவர் கோயிலையும் எட்டிப் பார்ப்பாங்க? சிவன் கோயிலைப் பார்க்க வர்ற வரலாற்று ஆர்வலர்களில் எத்தனை பேர் ஆழ்வான் சன்னதிக்குப் போவாங்க? ஒரே ஊர், ரெண்டு பார்வையாளர் கூட்டம்.

சேர்த்துப் பார்த்தால்

இப்போ மறுபடி அந்தச் சின்னக் கோயில் முன்னாடி நிக்கிறதா வச்சுக்கங்க. ஏட்டில் இருக்கிற செய்தி ஒரு ஜெர்மானியர் பதிப்பித்த நூலில் இருக்கு. நடராசர் எழும்பூரில். ஆழ்வான் ஸ்ரீரங்கத்து வரலாற்றில் கலந்துட்டார். போரின் மறுபாதி கத்வால் ஏட்டில். ஊரில் மிஞ்சின கல்லுக்குப் பேச்சு வரணும்னா இத்தனையும் பக்கத்தில் வரணும். இதில் எதுவும் ரகசியம் இல்லை. தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளை இணையத்திலேயே படிக்கலாம், அருங்காட்சியகத்துக்கு டிக்கெட் எடுத்துப் போகலாம். கோயில் வாசலில் தமிழில் ஒரு பக்க அளவு எழுதி வைத்தால்கூடப் போதும், அந்த ஐந்து நிமிஷம் ஒரு மணி நேரமாகிடும்.

கூரம் தனி ஊர் இல்லை. காஞ்சியைச் சுற்றி உத்திரமேரூர் மாதிரி பெயர் பெற்ற ஊர்களும் இருக்கு, பெயர் பெறாத ஊர்கள் அதைவிட நிறைய. உங்க ஊர்க் கோயிலுக்கும் இப்படி ஒரு செய்தி வேற எங்கேயோ இருக்கலாம். தேட ஆரம்பிக்க மூன்று கேள்வி போதும். ஊர் முன்னாடி எந்தக் கோட்டம், எந்த நாட்டில் இருந்தது? ஊர்ப் பெயரில் பதிவான கல்வெட்டோ செப்பேடோ உண்டா? ஊரிலிருந்து எடுத்துப் போன சிலையோ ஏடோ எந்த அருங்காட்சியகத்தில் இருக்கு?

பாரதம் வாசிக்க ஒரு பங்கு, பழுது பார்க்கவும் பங்கு என்று அன்னிக்கு ஊரில் ஒதுக்கினாங்க. இன்னிக்கு அந்தப் பங்கை யாரும் ஒதுக்கப் போறதில்லை. ஆர்வம் உள்ளவங்க தங்கள் நேரத்திலிருந்து எடுத்துத்தான் கொடுக்கணும்.